ஓய்வு பெறாத கேள்விகள்

சர் சி.வி. ராமனின் வாழ்க்கைக் கதை

கோவில்பட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் பூமி. மழை பெய்தால் காலில் ஒட்டும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மானாவாரிச் சீமை அது. அந்தக் காட்டில் பனைமட்டையிலோ மின்கம்பியிலோ ஒரு பறவை சும்மா உட்கார்ந்திருக்கும். பார்த்தால் பழுப்பு நிறம். அழகு என்று சொல்ல அதிகம் இருக்காது. விருட்டென்று சிறகை விரித்துப் பறந்தால்தான் தெரியும், அது எத்தனை நீலம் என்று! பனங்காடை என்று அதற்குப் பெயர்.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது? இறகில் நீலச் சாயம் இருக்கிறதா? இல்லை. இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலப் பொடி கிடைக்காது. இறகுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அமைப்பு ஒன்று இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும்போது நீலம் பளிச்சென்று வெளியே வருகிறது. அமைப்பை நசுக்கிவிட்டால் நீலமும் போய்விடும்.

கரிசல் காட்டில் ஆடு மேய்க்கும் சிறுவன் தினமும் பார்க்கும் இந்தப் பறவையின் இறகை வைத்துக்கொண்டு, 1934-ம் ஆண்டில் பெங்களூரில் ஒருவர் ஆராய்ச்சி செய்தார். அப்போது அவர் நோபல் பரிசு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. உலகமெங்கும் அவர் பெயர் பரவியிருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு பறவையின் இறகைக் கையில் எடுத்து, இது ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார்.

அவர்தான் சர் சி.வி. ராமன். அறுபது வயதில் அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய கேள்விகள் ஓய்வு பெறவில்லை. அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம், கண் மூடும் வரையில், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

திருவானைக்காவலில் பிறந்தவர்

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தகப்பனார் ஆசிரியர். வீட்டில் செல்வம் இல்லை, புத்தகங்கள் இருந்தன. ராமன் சிறு பிள்ளையாக இருந்தபோதே தகப்பனாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று.

ராமன் படிப்பில் புலி. பதினோராவது வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் பெற்றார். பதினெட்டு வயதில், 1906-ல், அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. 1907-ல் எம்.ஏ. பட்டமும் வந்தது.

இவ்வளவு கெட்டிக்காரப் பையனைச் சீமைக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று பலர் விரும்பினார்கள். ஆனால் உடம்பு மெலிந்த உடம்பு. இங்கிலாந்தின் குளிரை இந்தப் பையனால் தாங்க முடியாது என்று சென்னை அரசாங்க டாக்டர் சொல்லிவிட்டார். விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அந்தக் காலத்தில் நம் நாட்டில் வழி இல்லை. எனவே ராமன் அரசாங்க நிதி இலாகாப் பரீட்சை எழுதினார். அதிலும் முதலாவதாக வந்தார். லோகசுந்தரி அம்மாளை மணந்துகொண்டு, 1907-ல் கல்கத்தாவுக்கு உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் போனார். அப்போது வயது பத்தொன்பது கூட நிரம்பவில்லை.

டிராம் வண்டியில் பார்த்த பலகை

கை நிறையச் சம்பளம், கௌரவமான உத்தியோகம். வேறொருவராக இருந்தால் அத்துடன் திருப்தி அடைந்திருப்பார். ராமனின் மனம் கணக்கு ஏடுகளில் நிற்கவில்லை.

ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது, பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் நிறுவிய சங்கம் அது. உள்ளே கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. ராமன் உள்ளே போய்க் கேட்டார். கதவு திறந்தது.

அதன் பிறகு பத்து வருஷம் இரட்டை வாழ்க்கை. விடியற்காலையில் ஆராய்ச்சிக்கூடம். பகலில் ஆபீஸ். மாலையில் மறுபடி ஆராய்ச்சிக்கூடம். வீட்டுக்கு வர இரவு வெகு நேரம் ஆகும்.

1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரைப் பௌதிக சாஸ்திரப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. போனால் சம்பளம் வெகுவாகக் குறையும். ராமன் தயங்கவில்லை. பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டுப் பேராசிரியர் ஆனார்.

மிருதங்கமும் கடலும்

ராமன் எடுத்துக்கொண்ட பொருள்கள் எல்லாம் எல்லோரும் அறிந்தவை. வீணை, தம்புரா, பிடில், மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை ஆராய்ந்தார். சாதாரண மேளத்தைத் தட்டினால் சத்தம் வரும், சுருதி சேராது. மிருதங்கத்திலோ தந்தி வாத்தியம் போலச் சுருதி சேர்ந்த நாதம் வருகிறது. காரணம், வலந்தலையின் நடுவே பூசியிருக்கும் கறுப்புச் சாந்து. தோலின் நடுவில் கனத்தைக் கூட்டி, அதன் அதிர்வை அது ஒழுங்குபடுத்துகிறது. நம் முன்னோர் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்த இந்த நுட்பத்தை, 1920-ல் ராமன் விஞ்ஞான உலகத்துக்கு எடுத்துக் காட்டினார்.

1921-ல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்வந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைக் கவர்ந்தது. கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று ராலே பிரபு என்ற ஆங்கில விஞ்ஞான மேதை முன்பே சொல்லியிருந்தார். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ராமன் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் பையில் படிகத்தால் செய்த ஒரு சிறு கருவி இருந்தது. நீரின் மேல் பிரதிபலிக்கும் வான வெளிச்சத்தை அதைக் கொண்டு விலக்கிவிடலாம். கப்பலில் நின்றபடியே அதன் வழியாகக் கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. இன்னும் ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது! தண்ணீரே வெளிச்சத்தைச் சிதறச் செய்கிறது என்று அவர் முடிவு கட்டினார்.

வத்திராயிருப்பு இளைஞர்

தண்ணீரில் வெளிச்சம் சிதறும்போது வேறு என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ராமன் ஏழு வருஷம் உழைத்தார். அதில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். கரிசல் சீமைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் படித்துவிட்டு, ராமனைத் தேடிக் கல்கத்தா போனவர்.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. சூரிய வெளிச்சத்தை ஊதா நிறக் கண்ணாடி வழியாக விட்டார்கள். அந்த ஊதா ஒளி, சுத்தமான திரவம் உள்ள குப்பிக்குள் போயிற்று. குப்பியிலிருந்து சிதறி வரும் ஒளியைப் பச்சை நிறக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஊதா ஒளி அந்தக் கண்ணாடியைத் தாண்டி வராது. ஆகவே இருட்டாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. உள்ளே போன ஒளியில் மிக மிகச் சிறிய ஒரு பகுதி, நிறம் மாறி வெளியே வந்திருந்தது!

1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி இது ஐயத்துக்கு இடமின்றி நிச்சயமாயிற்று. ராமன் விளைவு என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பொருள் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். இன்று மருந்தின் தரத்தைச் சோதிக்கவும், ரத்தினம் அசலா போலியா என்று அறியவும் இந்த முறை பயன்படுகிறது. 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க வண்டியிலும் இந்த முறையில் வேலை செய்யும் கருவிகள் உண்டு.

கிருஷ்ணனும் பின்னால் பெரும் புகழ் பெற்றார். 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் டைரக்டர் ஆனார். 1961-ல் காலமானார்.

1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்துக்காக அதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு வரும் என்று அவருக்கு அத்தனை நிச்சயம். அறிவிப்பு வருவதற்குப் பல மாதம் முன்பே, ஜூலையிலேயே, சுவீடன் போகக் கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார்!

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டர் ஆனார். இந்தியர் ஒருவர் அந்தப் பதவியில் அமர்ந்தது அதுவே முதல் தடவை. அவர் வேகத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஒத்துப் போகவில்லை. 1937-ல் டைரக்டர் பதவியை விட்டார். பேராசிரியராக மட்டும் நீடித்தார்.

தீப்பெட்டி மருந்து

ராமனுக்கும் கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்துத் தொழிலுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. பலருக்கு இது தெரியாது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அப்போது ராமனும் அதே ஊரில்தான் இருந்தார். அவர்கள் ஊர் திரும்பித் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று வானம் பார்த்த பூமி முழுவதும் பரவியது. மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் கஞ்சி ஊற்றியது.

தீக்குச்சி முனையில் உள்ள மருந்தில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட். குச்சியை உரசியதும் தீப் பற்றுவதற்கு வேண்டிய பிராணவாயுவைக் கொடுப்பது அதுதான். இந்தச் சரக்கைத் தயாரிப்பதற்காகத் திருவிதாங்கூரில் 1943-ல் ஒரு ரசாயனக் கம்பெனி ஏற்பட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி என்பவருடன் சேர்ந்து அதைத் தொடங்கியவர் சர் சி.வி. ராமன்!

அறுபது வயதில் புது ஆரம்பம்

1948 நவம்பரில் ராமனுக்கு அறுபது வயது. விஞ்ஞானக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். நோபல் பரிசு இருக்கிறது. சர் பட்டம் இருக்கிறது. நாடெங்கும் மரியாதை இருக்கிறது. சாய்வு நாற்காலியில் படுத்துப் பழைய கதை பேசினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ராமன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெங்களூரில் மைசூர் சமஸ்தானம் 1934-ல் விஞ்ஞான அகாதமிக்கு அளித்திருந்த நிலத்தில் தமக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டியிருந்தார். அதற்காக ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். 1949-ல் அங்கே வேலை தொடங்கியது. கட்டிடம் வந்துவிட்டது, மின்சாரம் வரவில்லை. ராமன் காத்திருக்கவில்லை. ஒரு கண்ணாடியை வைத்துச் சூரிய வெளிச்சத்தை உள்ளே திருப்பினார். சில லென்சுகளைக் கொண்டு ஒளிச் சோதனைகள் செய்தார்.

அரசாங்கம் பணம் தர முன்வந்தபோதும் அவர் வேண்டாம் என்றார். பணம் வாங்கினால், என்ன ஆராய்ச்சி செய்கிறாய், எப்போது முடிப்பாய் என்று கணக்குச் சொல்ல வேண்டி வரும். தம் கேள்விகளைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்கு விலையும் கொடுத்தார். பெரிய இயந்திரங்கள் அங்கே இல்லை. உடன் வேலை செய்தவர்களும் சிலரே.

1954-ல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அதைப் பெற்ற மூவரில் ராமன் ஒருவர். மற்ற இருவர் ராஜாஜியும் டாக்டர் ராதாகிருஷ்ணனும். விருது வந்த பிறகும் ராமனின் அன்றாட வாழ்க்கை மாறவில்லை.

அவர் வைரங்களைச் சேர்த்தார். நகை செய்வதற்கு அல்ல. அவற்றின் உள்ளே ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்கு. முத்து ஏன் மின்னுகிறது, சிப்பிக்குள் ஏன் வானவில் தெரிகிறது என்று ஆராய்ந்தார். கற்கள், கிளிஞ்சல்கள், பட்டாம்பூச்சிகள் எல்லாம் கொண்ட காட்சிச் சாலை ஒன்றை வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அவரே கூட நடந்து காட்டுவார். தோட்டத்தில் விதவிதமான ரோஜாச் செடிகள். அந்தப் பூக்களும் ஆராய்ச்சிப் பொருள்களே.

பூவின் நிறமும் கண்ணின் பிழையும்

எழுபது வயதுக்கு மேல் அவர் பிடித்துக்கொண்ட கேள்வி, நாம் நிறத்தை எப்படிப் பார்க்கிறோம் என்பது.

பூக்களிலிருந்து வரும் ஒளியை, நிறம் பிரித்துக் காட்டும் சிறு கருவி வழியாகப் பார்த்தார். வேடிக்கையான சேதி கிடைத்தது. மஞ்சள் பூவிலிருந்து மஞ்சள் ஒளி மட்டும் வருவதில்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்தே வருகின்றன. நீலத்தை மட்டும் பூ விழுங்கிவிடுகிறது. மிச்சம் எல்லாம் சேர்ந்து நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. கரிசல் காட்டு ஓரத்தில் பூத்துக் கிடக்கும் ஆவாரம்பூவும் அப்படித்தான். கரிசல் மண்ணோ எல்லா நிறத்தையும் பெரும்பாலும் விழுங்கிக்கொள்கிறது. அதனால்தான் அது கறுப்பு. சித்திரை வெயிலில் அது காலைச் சுடுவதற்கும் இது ஒரு காரணம்.

தம் கண்ணையே ராமன் சோதனைக்கு வைத்தார். வெண்மையான திரையை நிறக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்ப்பார். சட்டென்று கண்ணாடியை விலக்குவார். அப்போது திரையில் தோன்றும் சாயலைக் கொண்டு கண்ணின் உள் அமைப்பை அறிய முயன்றார். எண்பதை நெருங்கும் வயதில், 1968-ல், கண் பார்வையைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் முடிவுகளை விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. கண்ணில் மூன்று வித நிற உணர்வு அணுக்கள் உண்டு என்பது பழைய கொள்கை. ராமன் அதை மறுத்தார். அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த நுண்ணிய சோதனைகள் பழைய கொள்கையே சரி என்று காட்டின. படிகங்களில் அணுக்கள் அதிர்வது பற்றியும் இப்படியே நடந்தது. மாக்ஸ் பார்ன் என்ற ஜெர்மானிய மேதையை ராமனே முன்பு பெங்களூருக்கு அழைத்து வந்தவர். பிறகு அவருடைய கொள்கையையே எதிர்த்தார். கடைசியில் நிலைத்தது பார்னின் கொள்கைதான்.

புகழ் பெற்றவர்கள் தோல்விக்கு அஞ்சுவார்கள். சம்பாதித்த பெயர் கெட்டுவிடுமே என்று புது வழியில் கால் வைக்கத் தயங்குவார்கள். ராமனுக்கு அந்தப் பயம் இல்லை. கடலின் நீலத்தைப் பற்றிப் பெரியவர் ஒருவர் சொன்னதை நம்பாமல் தாமே பார்த்தபோது வெற்றி கிடைத்தது. அதே துணிச்சலோடு கண்ணைப் பற்றிக் கேட்டபோது பதில் தவறிப் போயிற்று. துணிச்சல் ஒன்றுதான், பலன்தான் வேறு.

கடைசி நாட்கள்

ஆண்டுதோறும் அக்டோபர் 2-ந் தேதி ராமன் தம் நிலையத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு நடத்துவார். 1970-ம் ஆண்டிலும் நடத்தினார். அதுவே கடைசி. அப்போது அவர் எடுத்துக்கொண்ட பொருள், காது எப்படிக் கேட்கிறது என்பது. கண்ணை முடித்துக் காதுக்கு வந்திருந்தார், எண்பத்தோரு வயது இளைஞர்!

அந்த மாதக் கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஓரளவு நினைவு தெளிந்ததும், ஆஸ்பத்திரியில் சாக விரும்பவில்லை, தம் தோட்டத்துக்கே கொண்டுபோங்கள் என்று கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தார்கள். அகாதமியின் விஞ்ஞானப் பத்திரிகைகளை நின்றுபோக விடக்கூடாது என்று உடனிருந்தவர்களிடம் சொன்னார்.

1970 நவம்பர் 21-ந் தேதி அதிகாலையில் ராமன் காலமானார். அவர் விருப்பப்படியே சடங்குகள் இல்லாமல் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள். 1972 முதல் அந்த நிலையம் மத்திய அரசின் உதவியுடன் நடந்து வருகிறது. ராமன் விளைவு கண்டுபிடித்த பிப்ரவரி 28-ந் தேதி, 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

எல்லோருக்கும் உள்ள சொத்து

ராமன் கேட்ட கேள்விகளுக்குப் பணம் தேவைப்படவில்லை. வானம், கடல், பூ, இறகு, மிருதங்கம், கண், காது. இவை ஏழை வீட்டுக்கும் உண்டு. கேள்வி கேட்பது கரிசல் சீமைக்குப் புதிதும் அல்ல. இந்த மண்ணுக்கு எந்தப் பருத்தி ஏற்றது என்று ஆராயும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியில் 1901-லேயே தொடங்கிவிட்டது.

வீட்டில் பிள்ளை வந்து, பனங்காடை ஏன் நீலம், தீக்குச்சி ஏன் எரிகிறது, கரிசல் ஏன் கறுப்பு என்று கேட்டால், சும்மா இரு என்று அதட்டக் கூடாது. பதில் தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். வயதான தாத்தாவும் பாட்டியும் கேட்டாலும் அப்படித்தான். படிப்பதற்குப் பள்ளிக்கூடம் முடியும். உத்தியோகத்துக்கு ஓய்வு வரும். கேட்பதற்கு வயது வரம்பு இல்லை.